அந்த 21 கோரிக்கைகள்

படிப்பு வட்டத்தில் சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி பற்றிப் பேசி முடித்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசியிருப்பேன். ஆயுதப் போட்டியில் கரைந்த பணம், ஆப்கானிஸ்தான் போர், 1986-இல் சரிந்த எண்ணெய் விலை, கோர்பச்சேவின் தடுமாற்றங்கள், அவரைக் கவிழ்க்க நடந்த 1991 ஆகஸ்ட் சதி, அந்த டிசம்பர் 25 அன்று கிரெம்ளினில் இறக்கப்பட்ட செங்கொடி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையில் போலந்தைப் பற்றியும் இரண்டு வரி சொன்னேன். கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தார். "தோழர், ஒரு சந்தேகம். போலந்துல தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னு சொன்னீங்க. அங்க நடந்ததே தொழிலாளர் ஆட்சிதானே? அப்போ அவங்க யாரை எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணாங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய பதில் இருந்தது. எனக்கு மூத்தவர்கள் எனக்குச் சொன்னது. வாத்திகன், சிஐஏ, மேற்கத்திய வங்கிகளின் கடன். "அது பெரிய கதை தோழர், வெளியிலிருந்து தூண்டிவிட்டாங்க" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தத் தலையாட்டல்தான் என்னை விடவில்லை. எதிர்வாதம் செய்திருந்தால் நானும் பதிலுக்குப் பதில் பேசி அத்தோடு மறந்திருப்பேன். அவரோ, இவரிடம் இதற்குமேல் கிடைக்காது என்று புரிந்துகொண்டவர்போல உட்கார்ந்தார். நான் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 1981-இல் போலந்தில் இராணுவச் சட்டம் வந்த பிறகு வெளியிலிருந்து பணமும் அச்சுக் கருவிகளும் போனது மெய்தான். ஆனால் ஒரு கோடிப் பேரைப் பணம் கொடுத்துச் சங்கத்தில் சேர்க்க முடியுமா? மொத்தமே மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில், அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடி. ஆளும் கட்சியின் உறுப்பினர்களே இலட்சக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். இத்தனை பேரும் கைக்கூலிகள் என்று சொன்னால், நான் எந்த வர்க்கத்தின் பெயரால் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

பல வருடங்களாக நான் எழுதியும் பேசியும் வந்தது சோசலிசத்துக்கு எதிர்காலம் உண்டு என்றுதான். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த எதிர்காலத்துக்கான வழி 1991-ஐ எப்படி விளக்குகிறோம் என்பதில் இல்லை, போலந்துத் தொழிலாளர்கள் எழுந்த 1980-ஐ எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பலகையில் எழுதியவை

போலந்தின் க்தான்ஸ்க் நகரில் இருந்த கப்பல் கட்டும் தளத்துக்கு லெனினின் பெயர். அங்கே கிரேன் இயக்கிக்கொண்டிருந்த ஆன்னா வாலெந்தினோவிச் 1980 ஆகஸ்ட் 7 அன்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வு பெற ஐந்து மாதங்களே இருந்தன. அவர் செய்த குற்றம், கட்சிக் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தொழிற்சங்கத்துக்காகத் துண்டறிக்கை கொடுத்ததும், தப்பு என்று பட்டதை நேருக்கு நேர் கேட்டதும். அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லி ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அவரும், முன்பே நீக்கப்பட்டிருந்தவரும் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவருமான மின்தொழிலாளி லெக் வலேசாவும் திரும்பச் சேர்க்கப்படுவார்கள், சம்பளம் உயரும் என்று சொன்னார்கள். 16-ஆம் தேதி, வேலைநிறுத்தம் முடிந்தது என்று வலேசாவே அறிவித்துவிட்டார். ஆட்கள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே நான்கு பெண்கள் குறுக்கே வந்தார்கள். வாலெந்தினோவிச் அதில் ஒருவர். தளத்தின் மருத்துவமனைச் செவிலியர் ஆலினா பியென்கோவ்ஸ்கா, டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், ஏவா ஒஸ்ஸோவ்ஸ்கா ஆகியோர் மற்ற மூவர். பெரிய தளம் தன் கோரிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், கூடவே வேலைநிறுத்தத்தில் இறங்கிய சின்னச் சின்ன நிறுவனங்களும் போக்குவரத்து ஊழியர்களும் நசுக்கப்படுவார்கள் என்பது அவர்களின் வாதம். டாங்கிகளை எதிர்த்துப் பேருந்துகளால் நிற்க முடியாது என்று க்ஷிவோனோஸ் சொன்னார். கதவுகள் மூடப்பட்டன. ஒரு தளத்தின் கோரிக்கைகளுக்காகத் தொடங்கியது, அந்த நிமிடத்தில் ஒட்டுமொத்தத் தொழிலாளர்களின் பிரச்சினையாக மாறியது. வர்க்க ஒற்றுமை என்று நான் மேடையில் சொல்லும்போது என்ன நினைக்கிறேனோ அதன் மிகத் துல்லியமான காட்சி இதுதான். அது நடந்தது ஒரு கம்யூனிஸ்ட் அரசின் கப்பல் தளத்தில், அந்த அரசுக்கு எதிராக.

மறுநாள், பல நிறுவனங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த குழு 21 கோரிக்கைகளை எழுதியது. இரண்டு ஒட்டுப்பலகைகளில் அவற்றைக் கையால் எழுதி வாசல் கதவில் தொங்கவிட்டார்கள். அந்தப் பலகைகள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. இத்தனை வருடம் போலந்தைப் பற்றிப் பேசிய நான் அந்தக் கோரிக்கைகளை முழுவதுமாக ஒருமுறைகூடப் படித்ததில்லை. அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

கட்சியையும் நிர்வாகத்தையும் சாராத தொழிற்சங்கம் வேண்டும் என்பது முதலாவது. வேலைநிறுத்த உரிமை இரண்டாவது. பேச்சுரிமை, அச்சுரிமை மூன்றாவது. 1970, 1976 போராட்டங்களில் வேலை இழந்தவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நாட்டின் பொருளாதார நிலைமை பற்றிய முழுத் தகவலையும் மக்களிடம் சொல்ல வேண்டும், சீர்திருத்தம் பற்றிய விவாதத்தில் எல்லாத் தரப்பினரும் பங்கேற்க வழி வேண்டும். பிறகு வருவதெல்லாம் அன்றாட வாழ்க்கை. விலைவாசிக்கு ஏற்ற சம்பளம். இறைச்சிக்கு ரேஷன் அட்டை. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம். குழந்தை வளர்க்க மூன்று வருடச் சம்பள விடுப்பு. நல்ல மருத்துவம். வீட்டுக்காகக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பது. கட்சிக்காரர்களுக்கும் காவல்துறைக்கும் இருந்த தனிக் கடைகளை மூடுவது. நிர்வாகிகளைக் கட்சி அட்டை பார்க்காமல் தகுதி பார்த்து நியமிப்பது. 21-ஆவது கோரிக்கை, சனிக்கிழமைகளில் விடுமுறை.

இரண்டு முறை படித்தேன். தளத்தைத் தனியாருக்கு விற்கச் சொல்லி ஒரு வரி இல்லை. பங்குச்சந்தை கேட்கவில்லை. இறைச்சித் தட்டுப்பாட்டுக்கு அவர்கள் கேட்ட தீர்வு ரேஷன், எல்லோருக்கும் சமமான பங்கு. 21 கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எந்த நாட்டு இடதுசாரிக் கட்சியும் அப்படியே தன் தேர்தல் அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம். அந்த இரவு எனக்கு வெட்கமாக இருந்தது. இதைத்தான் நான் அந்தப் பெண்ணிடம் வெளியிலிருந்து வந்த தூண்டுதல் என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த வருடம் சாலிடாரிட்டி தன் முதல் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட திட்டத்துக்குத் தன்னாட்சிக் குடியரசு என்று பெயர். தொழிற்சாலைகள் சமூகத்தின் சொத்தாகவே இருக்கும், தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் அவற்றை நடத்தும் என்பது அதன் மையம். 1981 டிசம்பர் 13 அன்று நாட்டை ஆண்ட ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஒரு தொழிலாளர் அரசு, தொழிற்சாலையைத் தாங்களே நடத்துகிறோம் என்று கேட்ட தொழிலாளர்கள் மேல் டாங்கிகளை அனுப்பியது.

வாயை மூடினால் கணக்கும் பொய்யாகும்

பின்னோக்கிப் போகப் போக இதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. 1953-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு பெர்லினில் சம்பளத்தை ஏற்றாமல் வேலை அளவை மட்டும் 10 சதவீதம் கூட்டினார்கள். ஸ்டாலின் சாலையில் கட்டிட வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு அமைச்சரகத்தை நோக்கி நடந்தார்கள். மறுநாள், ஜூன் 17 அன்று, சோவியத் டாங்கிகள் வந்தன. 1956-இல் ஹங்கேரியில் டாங்கிகள் நுழைந்த பிறகும் வாரக்கணக்கில் எதிர்த்து நின்றவை தொழிலாளர் மன்றங்கள். புடாபெஸ்டின் மத்திய மன்றத்துக்குத் தலைமை தாங்கிய ஷாண்டோர் ராட்ஸ் 23 வயதுத் தொழிலாளி. தொழிற்சாலைகளைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். 1962-இல் சோவியத் மண்ணிலேயே, நோவோசெர்காஸ்கில், இறைச்சி விலையும் வெண்ணெய் விலையும் ஏறின. அங்கிருந்த ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் கூலியும் ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தது. ஊர்வலமாகப் போனவர்கள் கையில் செங்கொடியும் லெனின் படமும் இருந்தன. ஜூன் 2 அன்று துப்பாக்கிச்சூட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடல்களை வெவ்வேறு ஊர்களில் இரகசியமாகப் புதைத்தார்கள். பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. இந்தச் செய்தி சோவியத் பத்திரிகைகளில் வெளிவரக் கால் நூற்றாண்டு ஆனது. லெனின் படத்தைச் சுமந்து வந்தவர்களைச் சுட்டுவிட்டு அதே லெனின் படத்தின் கீழே உட்கார்ந்து ஆட்சி நடத்தியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கொடுமைகளைத் தனியாகவும் பொருளாதாரத் தோல்வியைத் தனியாகவும் பேசுவது நம்மிடையே வழக்கம். அரசியலில் தவறு நடந்தது, ஆனால் திட்டமிடல் நல்ல யோசனைதான் என்பார்கள் சிலர். எதிர்த்தரப்போ, விலை என்ற குறியீடு இல்லாமல் எதையும் கணக்கிட முடியாது, அதனால்தான் விழுந்தது என்று முடித்துவிடும். விலையைப் பற்றிய அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒரு நாட்டுக்குத் தேவையான ஆணி முதல் ஆடை வரை எல்லாவற்றையும் மாஸ்கோவில் ஓர் அலுவலகத்திலிருந்து முடிவு செய்வது நடக்காத காரியம் என்று ஏற்றுக்கொள்கிறேன். அன்றாடப் பொருட்களுக்குச் சந்தை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் சோசலிசம் கெட்டுப்போகாது. ஆனால் சோவியத் கணக்காளர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. சோவியத் கணிதவியலாளர் லியோனித் கந்தரோவிச் 1939-லேயே ஓர் ஒட்டுப்பலகை நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சிக்கலிலிருந்து இருக்கும் வளங்களைச் சிறப்பாகப் பங்கிட உதவும் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறையையே உருவாக்கியவர். 1975-இல் நோபல் பரிசு வாங்கினார். முறை கையில் இருந்தது. அதில் போட வேண்டிய எண்கள்தான் பொய்யாக இருந்தன.

எப்படிப் பொய்யானது என்று பாருங்கள். ஒரு தொழிற்சாலை இந்த வருடம் இலக்கைத் தாண்டினால் அடுத்த வருடம் இலக்கு ஏறும். அதனால் இயக்குநர் தன்னால் எவ்வளவு முடியும் என்பதை மறைப்பார். மூலப்பொருள் வராமல் போகுமோ என்று தேவைக்குமேல் கேட்டு வாங்கிப் பதுக்குவார். இலக்கு எடையில் இருந்தால் பொருள் கனக்கும், எண்ணிக்கையில் இருந்தால் சிறுத்துப்போகும். மேலே இருப்பவருக்கும் இது தெரியும், அவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் நல்ல செய்தியைத்தான் சொல்ல வேண்டும். உஸ்பெகிஸ்தானில் 1970-களின் பிற்பாதியில் தொடங்கிப் பல வருடங்கள், விளையாத பருத்தியை விளைந்ததாகக் கணக்கு எழுதி மாஸ்கோவிடம் பணம் வாங்கினார்கள். அதே பருத்திக்காக நதிகளைத் திருப்பியதில் ஆரல் கடல் வற்றிக்கொண்டிருந்தது, கரையில் வாழ்ந்த மீனவர்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கே போய்ச் சொல்வது? உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1937-லேயே பாடம் நடத்தியாகிவிட்டது. அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிடப் பல இலட்சம் பேர் குறைவாக வந்தார்கள். பஞ்சத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை அந்த இடைவெளியில் இருந்தது. கணக்கெடுப்பு முடக்கப்பட்டது. அதை நடத்திய புள்ளியியலாளர்கள் கைதானார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

க்தான்ஸ்க் பலகையில் நாட்டின் நிலைமையை முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்ட வரி இங்கே எனக்கு வேறு மாதிரி அர்த்தமானது. சுதந்திரமான தொழிற்சங்கத்தையும் பத்திரிகையையும் நாம் இதுவரை ஜனநாயக உரிமை என்ற கணக்கில் மட்டும் வைத்திருந்தோம், பொருளாதாரம் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல. திட்டமிட்ட பொருளாதாரத்துக்குத்தான் அவை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்பட்டன. சந்தையில் ஒருவர் பொருளை வாங்காமல் திரும்பிப் போனாலாவது ஒரு செய்தி போய்ச் சேரும். அந்த வழியையும் அடைத்துவிட்டு, 'முடியாது' என்று சொல்லும் வாயையும் அடைத்தால் மேலே இருப்பவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. ஜெர்மனியில் இயங்கிய புரட்சியாளர் ரோசா லுக்சம்பர்க் 1918-இல் சிறையிலிருந்து இதைத்தான் எச்சரித்தார். தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் கருத்து மோதலும் இல்லாவிட்டால் எல்லா நிறுவனங்களிலும் உயிர் போய், அதிகாரவர்க்கம் மட்டுமே இயங்கிக்கொண்டிருக்கும் என்று, ரஷ்யப் புரட்சி நடந்து ஒரு வருடம்கூட முழுதாக முடியாத நிலையில் எழுதினார். புரட்சியின் எதிரி அல்ல, அதற்காக உயிரையே கொடுத்தவர்.

இரண்டாவது முறையும் கேட்கவில்லை

1989-இல் போலந்தில் அரசுக்கும் சாலிடாரிட்டிக்கும் இடையே வட்டமேசைப் பேச்சு, ஜூன் 4 தேர்தல், சாலிடாரிட்டி தரப்பிலிருந்து ஒரு பிரதமர். 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச்சின் அதிர்ச்சி வைத்தியம், அதாவது ஒரே அடியில் சந்தைக்கு மாறும் திட்டம், தொடங்கியது. அதிகாரபூர்வமாக வேலையில்லாத் திண்டாட்டமே இல்லாதிருந்த நாட்டில் 1993-இல் அது 16 சதவீதத்தை எட்டியது. லெனின் பெயரில் இருந்த அதே கப்பல் தளம் 1996-இல் திவாலானது. பின்னாளில் போலந்து வேகமாக வளர்ந்ததை மறைக்க மாட்டேன். ரஷ்யாவின் கதை இன்னும் மோசம். 1990-இல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 வருடத்தை ஒட்டி இருந்தது, 1994-இல் 58-க்கும் கீழே போனது. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. நாட்டின் சொத்து முழுதும் மக்களுடையது என்று சொல்லி ஆளுக்கு 10,000 ரூபிள் மதிப்பில் ஒரு பத்திரம் கொடுத்தார்கள். பசியில் இருந்தவர்கள் கிடைத்த விலைக்கு அதை விற்றார்கள். 1995-இல், அரசு நிறுவனப் பங்குகளை அடமானமாக வாங்கிக்கொண்டு அரசுக்குக் கடன் கொடுக்கும் 'கடனுக்குப் பங்கு' என்ற பெயரில் எண்ணெயும் நிக்கலும் சில பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

பொதுச்சொத்து எப்படி இவ்வளவு சுலபமாகக் கைமாறியது? என்னை அதிகம் உறுத்துவது இதுதான். உண்மையிலேயே தொழிலாளர்களின் சொத்தாக இருந்திருந்தால், அதைக் காப்பாற்ற யாராவது வாசலில் நின்றிருப்பார்கள். அந்த நான்கு பெண்களைப்போல. ஆனால் அப்படி நிற்கக்கூடிய ஒவ்வொரு சங்கத்தையும் மன்றத்தையும் கட்சியே முன்கூட்டி உடைத்து வைத்திருந்தது. தொழிலாளர்களைக் கேட்காமல் தொழிற்சாலையை நடத்தினார்கள், அப்புறம் அவர்களைக் கேட்காமலே விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் பழைய இயக்குநர்களும் கட்சி, இளைஞர் அமைப்பு நிர்வாகிகளும்தான்.

இப்போது தோழர்கள் சிலர் சீனாவைக் காட்டுகிறார்கள். பல கோடிப் பேரின் வறுமை ஒழிந்தது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்த வேலைநிறுத்த உரிமையை 1982-இல் நீக்கிவிட்டார்கள். சுயேச்சையான சங்கம் அமைக்கவும் அங்கே அனுமதி இல்லை. க்தான்ஸ்க் பலகையின் முதல் இரண்டு வரிகளையும் அடித்துவிட்ட ஒரு நாட்டை எதிர்காலம் என்று நான் அந்தப் பெண்ணிடம் காட்ட மாட்டேன்.

நான் நம்பிக்கையோடு பார்ப்பவை வேறு, அளவிலும் சின்னவை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-இல் தொடங்கிய மோன்ட்ராகன் கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு, தொழிலாளர்களே உரிமையாளர்கள். 2013-இல் அதன் வீட்டுச் சாதனங்கள் செய்யும் நிறுவனமான ஃபாகோர் விழுந்தபோது, அங்கு வேலை இழந்தவர்களில் பலரைக் குழுவின் மற்ற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. ஸ்வீடனில் தொழிற்சங்கப் பொருளாதார அறிஞர் ருடோல்ஃப் மெய்ட்னர் 1970-களின் நடுவில் ஒரு திட்டம் போட்டார். பெரிய நிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் 20 சதவீதத்துக்கு ஈடான புதிய பங்குகளை வருடாவருடம் தொழிலாளர் நிதிக்குக் கொடுக்க வேண்டும். டாங்கி இல்லை, பறிமுதல் இல்லை, சில பத்தாண்டுகளில் உரிமை கைமாறியிருக்கும். முதலாளிகள் 1983-இல் ஸ்டாக்ஹோம் வீதியில் பல்லாயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். நீர்த்துப்போன வடிவில் சட்டம் வந்தது, 1990-களின் தொடக்கத்தில் அதையும் கலைத்தார்கள். அவர்கள் அவ்வளவு பயந்தார்கள் என்பதே அந்தத் திட்டத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம். ஜனநாயகமும் சொத்துரிமை மாற்றமும் ஒரே பாதையில் போக முடியும் என்று அது காட்டிவிடும் போலிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953-இல் அந்தக் கட்டிடத் தொழிலாளிக்கு வேலை அளவை யார் கூட்டினார், எந்தக் கணக்கில் கூட்டினார் என்று தெரியாது. இன்று கைப்பேசிச் செயலியில் ஆர்டர் எடுத்து ஓடுகிறவருக்கும் தன் கூலியை நேற்று இரவு குறைத்தது யார் என்று தெரியாது. ஸ்பெயினில் 2021-இல் வந்த சட்டம், வேலையையும் கூலியையும் முடிவு செய்யும் அந்த மென்பொருளின் விதிகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சின்ன அடிதான். ஆனால் நிலைமையை முழுதாகச் சொல்லுங்கள் என்ற அந்தக் கப்பல் தளத்துக் கோரிக்கையின் நேர் வாரிசு அது.

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, போன தடவை நான் சொன்ன பதில் தவறு என்று சொன்னேன். பிறகு 21 கோரிக்கைகளையும் சத்தமாக வாசித்தேன். முடித்ததும் அந்தப் பெண் கேட்டார், "இதை இன்னைக்கு நாம எழுதினா எப்படி எழுதுவோம் தோழர்?" ஒரு தாளை எடுத்தோம். முதல் கோரிக்கைக்கு எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் நின்றுவிட்டது. எங்களில் மூத்த தோழர் ஒருவர், வாழ்நாள் முழுக்க வேலைநிறுத்தங்களை நடத்தியவர், சிறைக்கும் போனவர், மெதுவாகச் சொன்னார். "இப்போ சரி. ஆனா நாளைக்கு நம்ம ஆட்சியே வந்த பிறகும் வேலைநிறுத்தமா? நம்மளை எதிர்த்து நாமே எப்படிம்மா நிக்கிறது?"

"அது நம்ம ஆட்சிதானான்னு அன்னைக்கு யார் சொல்லுவாங்க தோழர்?" என்றார் அந்தப் பெண்.

மூத்தவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை முடித்து விளக்கை அணைக்கும்வரை இரண்டாவது வரி எழுதப்படவில்லை. அடுத்த வாரமும் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.